கண்ணாடியில் அவள் நின்ற இடம்

டிரெய்லர் முகாமில் சாயங்காலம் ஆகிவிட்டால் யாரும் டிவி பார்ப்பதில்லை. புதிதாக வந்து சேருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் விடுவதைத்தான் பார்ப்பார்கள். மடக்கு நாற்காலியை வழிப்பக்கம் திருப்பிப் போட்டு, கையில் ஒரு பியரை வைத்துக்கொண்டு, நாயைக் காலடியில் கட்டிவிட்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. பின்னே, வீட்டையே பிக்கப் வண்டியின் வாலில் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது லேசுப்பட்ட காரியமா? ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கத்திக்கொள்வார்கள். நாலு சுவருக்குள் மூடி வைத்திருந்த எத்தனையோ சண்டை அந்த ஜல்லித் தரையில்தான் ஊருக்குத் தெரிய வந்திருக்கிறது.

டெல்மரும் ஆர்லிஸும் வந்தால் மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். டெல்மர் அயோவாவில் காலமெல்லாம் பால் டேங்கர் ஓட்டியவர். பனி கொட்டிக் கிடக்கும் மாட்டுப் பண்ணைக்குள், தொழுவத்துக்கும் தீவனக் கோபுரத்துக்கும் நடுவில், அத்தனை பெரிய டேங்கரைப் பின்னாலேயே கொண்டுபோய் ஊசியில் நூல் கோர்ப்பது போல நிறுத்துவார். ஆர்லிஸ் டிரெய்லரின் இடது பின்மூலைக்கு அப்பால், ஓட்டுகிறவரின் கண்ணாடியில் தலை முதல் கால் வரை தெரிகிற இடத்தில் போய் நிற்பாள். உள்ளங்கையை மடக்கி மடக்கிக் காட்டினால் ‘வா’. ஒரு கையை நீட்டினால் அந்தப் பக்கம். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே வைத்தால் ‘நில்’. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேசினால் அது தோல்வி என்று இருவரும் வைத்திருந்தார்கள். கத்திக்கொள்கிற ஜோடிகளைப் பார்த்து உதட்டுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதம், நெப்ராஸ்காவில் ஆற்றங்கரை முகாம் ஒன்றில், முதல் தடவையாக அந்தக் கணக்கு தப்பியது.

ஆர்லிஸ் இடது கையை நீட்டினாள். டிரெய்லர் வலது பக்கம் போய், தண்ணீர்க் குழாய்க் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டெல்மர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்ன ஆர்லி, கோழி சிறகடிக்கிற மாதிரி கைய ஆட்டுற? இடமா வலமா, ஒண்ணச் சொல்லேன்!"

"இடம்னுதான் காட்டினேன். கல்யாணமான நாள்லேர்ந்து அதே கைதான், டெல்."

"அப்ப கைக்கு வயசாயிடுச்சு போல."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்லிஸுக்கு முகம் சுட்டது. இரண்டாம் முறை சரியாகவே விட்டார். ஆனால் அன்று ராத்திரி உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் வைக்கும்போது அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. திட்டினது பெரிதில்லை. அவர் வாய் திறந்துவிட்டார், அதுதான்.

இந்தப் பயணத்தையே அவள் கேட்கவில்லை. வீட்டை விற்று, சாமானையெல்லாம் ஏலத்தில் கொடுத்து, மிச்சத்தை டிரெய்லருக்குள் அடைத்துக்கொண்டு பசிபிக் கடல் வரை போவது, அப்புறம் எங்கே மனசு சொல்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்வது என்பது டெல்மரின் ஏற்பாடு. அவளுக்கு அடுப்படி ஜன்னல் போதும். அதில் நின்றால் சாலை திரும்புகிற இடம் வரை தெரியும். டேங்கரின் வெள்ளி முதுகு மக்காச்சோளத்துக்கு மேலே வெயிலில் மின்னுவதைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் காபியை அடுப்பில் ஏற்றினாள். "வீட்ல உக்காந்து சாகறதுக்கா ரிட்டயர் ஆனேன்?" என்று அவர் குளிர்காலம் முழுக்க நச்சரித்தார். கடைசியில் மே மாதம் இருவருமாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கினவன் முதல் வேலையாக அந்த ஜன்னலை அடைத்துவிட்டு அலமாரி வைக்கப் போவதாகச் சொன்னான். ஆர்லிஸ் "நல்ல யோசனை" என்றாள். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். மழையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். மனசு உடைந்தால் நல்ல யோசனை என்பார்கள்.

கிளம்புகிற அன்று டெல்மர் அவளுக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தார். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் போடுவார்களே, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில், அது.

"இத மாட்டிக்கிட்டா நான் என்ன, மைல்கல்லா?" என்றாள்.

"போட்டுக்க. எவனாவது உன்ன மான்னு நெனச்சு சுட்டுறப் போறான்."

"இந்த வயசுல என்ன மான்னு நெனக்கிறவன் இருந்தா சுட்டுட்டுப் போகட்டும்."

சிரித்தார்கள். போட்டுக்கொண்டாள்.

வயோமிங்குக்குள் நுழைந்த பிறகு இன்னும் சில விஷயங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. "போர்டைப் படிச்சுக்கிட்டே வா" என்றார். "ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றாள். "தெரியும். உன் கொரல்ல கேட்டா ஊர்ப் பேருங்க நல்லா இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இப்படி ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததில்லை. ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெட்கத்தோடு, ஊர் ஊராகப் படித்துக்கொண்டே வந்தாள். வேக வரம்புப் பலகை, பெட்ரோல் பங்க் பலகை, பிரார்த்தனைக்கூட விளம்பரம், ஒன்று விடாமல்.

சாப்பாட்டுக் கடையில் மெனு அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். "அவளுக்கு என்னவோ, எனக்கும் அதே." பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை வளைத்து வைத்துக்கொள்வார். சூடு தட்டியதும் நிறுத்துவார். பொழுது சாய்வதற்கு வெகு நேரம் முன்பே வண்டியை நிறுத்திவிடுவார். "என்ன அவசரம்? கடல் எங்கயும் ஓடிடாது." ஒரு தடவை பக்கத்தில் வந்த லாரியை நோக்கி வண்டி மெல்லச் சாய்ந்தது. "டெல்!" என்று கத்திவிட்டாள். "பாத்தேன், பாத்தேன்" என்று இழுத்துப் பிடித்தார். கழுத்தில் வியர்வை.

அதெல்லாம் கூடப் போகட்டும். ஒரு நாள் காலை குளியல் கொட்டகையிலிருந்து வரும்போது அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "முன்னால பூந்து முன்னாலயே வெளிய போற எடமா இருக்கா? ரிவர்ஸ் எடுக்கத் தேவயில்லாதது? ஆங், அதான் வேணும்." ஆர்லிஸ் ஈரத் துண்டோடு அங்கேயே நின்றாள். அப்படிப்பட்ட நேர்வழி இடங்களில் நிறுத்துகிறவர்களை டெல்மர் மனுஷராகவே மதித்ததில்லை. "பின்னால எடுக்கத் தெரியாதவன் எதுக்கு வீட்ட இழுத்துக்கிட்டுத் திரியறான்?" என்பார்.

"என்ன டெல், நேர்வழி எடமா கேக்கற?"

"கழுத்து திரும்பமாட்டேங்குது. பிடிப்பு."

அன்றிலிருந்து தினமும் அவர் கழுத்துக்குத் தைலம் தேய்த்தாள். அவரும் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார். தேய்க்கும்போதெல்லாம் விரலுக்கு அடியில் எந்தப் பிடிப்பும் தட்டுப்படவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. பதில் வந்துவிட்டால் அவர்கள் எங்கே திரும்பிப் போவது? வீடு பின்னால் கொக்கியில் மாட்டியிருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிக்கப்பை அவளும் ஓட்டுவாள், தேவாலயத்துக்கும் கடைக்கும். டிரெய்லரோடு ஒரு நாளும் ஓட்டினதில்லை.

ஐடஹோவில் ஆற்றோரமாக ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினம். சொல்ல வேண்டுமா? நாடே விடுமுறையில். குழந்தைகள் பட்டாசுப் பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள், எங்கே பார்த்தாலும் கறி சுடுகிற புகை. நேர்வழி இடம் எல்லாம் போய்விட்டது. அலுவலகத்தில் இருந்த பெண் கடைசி வரிசையில் ஒன்றைக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் மரம், பின்னால் சிமெண்டில் வார்த்த சாப்பாட்டு மேசை.

பக்கத்து இடத்துக்காரர் வென்டல் என்று ஒருவர், மிசௌரிக்காரர், தொப்பையும் சிரிப்புமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, பாத்து விடுங்க! பின்னாடி சிமெண்ட் மேசை. அது நகராது, நான் போன வருஷம் கேட்டுப் பாத்துட்டேன்!"

டெல்மர் சிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்தாமல், குரலைத் தாழ்த்தி, "ஆர்லி, இன்னைக்கு போன்ல பேசிக்கலாமா? நீ சொல்லச் சொல்ல நான் விடறேன். இப்ப எல்லாரும் அப்பிடித்தான்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் கவனித்தாள், அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. காதுக்கு அருகே எங்கேயோ நின்றது.

"என் போன்ல சார்ஜ் இல்ல" என்றாள். இருந்தது. சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது.

அவள் நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றாள். வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. கண்ணாடியில் அவரது முகத்தின் ஒரு துண்டு தெரிந்தது. கையை மடக்கி மடக்கி ‘வா’ என்றாள். டிரெய்லர் வந்தது. மேசைக்கு நிறைய இடம் இருக்கும்போதே கைகளை மார்பின் குறுக்கே வைத்தாள். நில்.

டிரெய்லர் வந்துகொண்டே இருந்தது.

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவள் அங்கேயேதான் நின்றாள், வெட்ட வெளிச்சத்தில், வெள்ளைத் தலையும் நீலச் சட்டையுமாக. உடனே பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"ஆர்லி?" ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எங்க போன?"

அவள் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"ஆர்லி! எங்க இருக்க நீ?"

"இங்கதானே நிக்கறாங்க, அண்ணே! தொலஞ்சா போனாங்க?" என்று வென்டல் கத்தினார். நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அத்தனை பேருக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்து தடவிப் பார்க்க டெல்மரால் முடியவில்லை. "ஆங், பாத்துட்டேன், பாத்துட்டேன்!" என்று சொல்லி, பிரேக்கை விட்டார். பழக்கத்தை நம்பி, குத்துமதிப்பாக, முன்பெல்லாம் மாட்டுக் கொட்டகைகளுக்கு நடுவே விட்டது போல விட்டார். ஆர்லிஸ் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். வாய் திறந்திருந்தது. சத்தம்தான் வரவில்லை. வரவில்லையா, அவள் விடவில்லையா என்று அப்புறம் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. மேசைக்கும் டிரெய்லருக்கும் நடுவிலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொண்டாள்.

தகரம் கிழிகிற சத்தம். அப்புறம் பின் ஜன்னல் படுக்கையின் மேல் பொலபொலவென்று கொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. வென்டல்தான் முதலில் எழுந்து வந்தார். "எல்லாருக்கும் நடக்கறதுதாம்மா. நான் ஒருதடவ என் மாமியார் வீட்டு பாத்ரூமுக்குள்ளயே விட்டிருக்கேன், அந்தம்மா உள்ள இருந்தாங்க" என்றார். ஆர்லிஸ் சிரிக்க முயன்றாள். அவர் அதற்கு மேல் பேசாமல் தன் வண்டியிலிருந்து நீல நிறத் தார்ப்பாயை எடுத்து வந்து பின்சுவரை மூடி, ஓரமெல்லாம் ஒட்டினார்.

டெல்மர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வெகு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு டிரெய்லருக்குள் வந்து சின்ன மேசையில் உட்கார்ந்தார். ஆர்லிஸ் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் வழியே வந்த வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"என்ன எப்பலேர்ந்து?"

"டெல்."

வெளியே ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"வலது கண்ணு போன அறுவடைல. இந்தக் கண்ணு கிறிஸ்துமஸுக்கு அப்புறம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"டயர் மாத்திட்டு வரேன்னு ஒரு நாள் போனேனே. அன்னைக்கு."

"நான் டயரப் பாத்து நல்லா இருக்குன்னு கூட சொன்னேன்."

"சொன்ன."

"என்ன சொன்னாரு டாக்டரு?"

"நடுவுல போயிடும், ஓரம் நிக்கும்னாரு. ஈரப் பெயிண்ட்ல கட்டவெரல வச்சுத் தேச்ச மாதிரி. எங்க பாத்தாலும், பாக்கற எடத்துல அழுக்கு. சுத்திவர தெரியும். ரோட்டுல ரெண்டு ஓரக் கோடும் தெரியும், ஆர்லி. அத வச்சுத்தான் ஓட்டினேன்."

"ஆளுங்க நடுவுலதானே டெல் இருக்காங்க? வண்டிங்க நடுவுலதானே வருது?"

அவர் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சி?"

"தொப்பி தெரியும்" என்றார்.

ஆர்லிஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கிறிஸ்துமஸ், குளிர்காலம், மே மாதம். மனசுக்குள் வரிசையாக வந்தன. கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவை அவள் கையில் கொடுத்து, ‘நீ முதல்ல போடு, எனக்கு எங்கன்னு காட்டு’ என்றது ஞாபகம் வந்தது. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப, தெரிஞ்சேதான் வீட்ட வித்த."

"தெரிஞ்சேதான்."

"எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

"சொல்லியிருந்தா கெளம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"அதானா? அதானாடா? கண்ணு தெரியாம என்ன உக்கார வச்சு மூணு மாநிலம் ஓட்டியிருக்க! கொரல் நல்லா இருக்குன்னு சொன்ன. நான் பைத்தியக்காரி, வெக்கப்பட்டுக்கிட்டு ஊர் பேர் படிச்சுக்கிட்டு வந்தேன்!"

"கொரல் நெஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு."

"வாய மூடு."

அவர் மூடிக்கொண்டார். பெரிய கைகள் மேசை மேல் சும்மா கிடந்தன. கொஞ்சம் கழித்து, அவளிடம் என்றில்லாமல், "பால் வண்டி அயோவாவத் தாண்டல. ஒரே ஒரு தடவ கடலப் பாத்துடணும்னு இருந்தேன்" என்றார்.

"எப்பிடிப் பாப்ப? பாக்கற எடத்துலதான் அழுக்குன்னியே."

"அது பெருசு, ஆர்லி. ஓரத்துலயும் இருக்கும்ல."

அரிசோனாவில் இருக்கிற மகள் கார்லீனுக்கு ஆர்லிஸ் அன்றே போன் போட்டாள். கார்லீன் அழுதாள், அப்பாவைத் திட்டினாள், கராஜுக்கு மேலே ஒரு அறை சும்மாதான் இருக்கிறது, நேரே இங்கே வாருங்கள், டிரெய்லரை விற்றுவிடலாம் என்றாள். சரி என்றுதான் சொல்ல நினைத்தாள் ஆர்லிஸ். ஆனால் ‘ஓரத்திலும் இருக்கும்ல’ என்றது காதை விட்டுப் போகவில்லை. "ஒரு எடம் பாத்துட்டு வந்துடறோம்" என்று போனை வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைக் கொண்டுபோய்க் கடலைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் அவருக்குத் தான் எதுவும் கடன்பட்டவள் இல்லை என்று நினைத்தாள்.

மறுநாள் காலை ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் ஏறினாள். வென்டல் தன் வண்டியில் கொஞ்ச தூரம் முன்னால் போய்ப் பெரிய சாலையில் ஏற்றிவிட்டுக் கையை ஆட்டித் திரும்பினார். அதற்குப் பிறகு தனிதான். பின்னால் வீடு ஆடுவது முதுகெலும்பில் தெரிந்தது. ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் பல்லைக் கடித்தாள். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிற இடமாகத் தேடித் தேடி நிறுத்தினாள். ரிவர்ஸ் பக்கம் கியரையே கொண்டுபோகவில்லை. பக்கத்து சீட்டில் டெல்மருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார், கதவில் வைத்தார், இல்லாத கியரைத் தேடினார். வழியில் மழை பிடித்தது. தார்ப்பாய் ஒரு ஓரம் பிய்ந்து மெத்தை ஊறிப்போனது. இருவரும் இரண்டு ஓரத்தில், நடுவில் ஈரம் இருக்க, படுத்துக்கொண்டார்கள்.

அவள் பேசவே இல்லை. ஆனால் பலகைகளை மட்டும் வாய் தானாகப் படித்துக்கொண்டிருந்தது. நடுவில் உணர்வு வந்து நிறுத்துவாள். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "அப்புறம்?" என்பார். அவள் பேசாமல் ஓட்டுவாள்.

ஓரிகன் கரைக்கு அவர்கள் வந்த அன்று கடலே இல்லை. மூடுபனிதான் இருந்தது. மலை ஓரமாகச் சாலை வளைந்து வளைந்து போக, வைப்பர் ஆட ஆட வெள்ளை வழிந்துகொண்டிருந்தது. கடலைப் பார்க்கும் இடம் என்று ஒரு பலகை திடீரென்று வர, படித்தாள், திருப்பினாள். அதற்குக் கீழே இன்னொரு பலகை இருந்ததை உள்ளே போன பிறகுதான் பார்த்தாள். டிரெய்லர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று போட்டிருந்தது. மொட்டைப் பாறை மேல் குறுகலான நிறுத்துமிடம். முன்னால் வழி இல்லை, திரும்ப அகலம் இல்லை. வேறு ஒரு வண்டியும் இல்லை.

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் கையைப் பிடித்துக் கம்பித் தடுப்பு வரை அழைத்துப் போனாள். கீழே எங்கேயோ தண்ணீர் பாறையில் மோதி, இழுத்து, மறுபடி மோதிற்று. உப்பு வாடை. கண்ணுக்கு முன்னால் நனைந்த துணியைத் தொங்கவிட்டது போல வெள்ளை.

டெல்மர் நேராகப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், கோழி பார்ப்பது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஓரத்துலயும் ஒண்ணும் இல்லயே, ஆர்லி."

"பனி. எனக்கும் ஒண்ணும் தெரியல."



"நெஜமாவா? இல்ல கோவத்துல சொல்றியா?"

"நெஜமாதான், டெல்."

"எனக்குன்னு காத்துக்கிட்டு இருந்துச்சு போல. கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லேன். என்ன நெறம்? கோடு மாதிரி ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான்."

"அன்னைக்கும் நீ வாயத் தொறக்கல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. நிறத்தை, அலையை, கோட்டை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் இனி அவர் நம்பப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டிக்குள் உட்கார்ந்து ரொட்டியில் இறைச்சித் துண்டு வைத்துச் சாப்பிட்டார்கள். மத்தியானம் வரை காத்திருந்தார்கள். பனி விலகுவதாக இல்லை. இன்னும் அடர்ந்துதான் வந்தது.

"கெளம்பலாம். கார்லீன் காத்துக்கிட்டு இருப்பா" என்றார்.

"பின்னால எடுக்கணும், டெல். வேற வழியில்ல."

ஒரு கணம் அந்த முகத்தில் பழைய பால் வண்டிக்காரர் வந்து போனார். "பதறாத. ஸ்டியரிங்க அடில புடிச்சுக்க. எந்தப் பக்கம் டிரெய்லர் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகத்து. பொட்டுப் பொட்டா. நான் பின்னால நிக்கறேன்."

"நீ எதுக்கு?"

"உனக்கு யாரு கை காட்டுவா, பின்ன?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் கையை நீட்டி, துழாவி, அவள் தலையிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். இறங்கினார். டிரெய்லரின் பக்கவாட்டில் உள்ளங்கையைத் தேய்த்தபடியே நடந்து பின்னால் போனார். தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடத்தது. அதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இன்னும் இரண்டு எட்டு வைத்து, நின்று திரும்பினார். கண்ணாடியில் தலை முதல் கால் வரை தெரிகிற அந்த இடத்தில்தான் நின்றார். இத்தனை வருஷம் அவள் நின்ற இடம். அங்குலம் தப்பவில்லை.

ஆர்லிஸ் கியரை ரிவர்ஸில் போட்டாள். பிரேக்கில் கால். அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். சாலையா, கம்பியா, பாறை விளிம்பா? வந்தபோது எந்தப் பக்கமாக வளைந்து நுழைந்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு, அதற்குக் கீழே ஒரு கை.

கை எழுந்தது. உள்ளங்கை மடங்கி மடங்கி விரிந்தது. வா. வா.

"வா ஆர்லி! எடம் இருக்கு!" என்று கத்தினார். "நெறைய எடம் இருக்கு, வா!"

பிரேக் விளக்கின் சிவப்பு பனியில் கலங்கி அவர் கால் வரை எரிந்தது. அது எரிவதுகூட அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. வண்டி வருகிறது என்றே நினைத்தவராக, ஒவ்வொரு எட்டாகப் பின்னுக்கு நகர்ந்துகொண்டே, கையை மடக்கி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆர்லிஸ் ஜன்னலை இறக்கி, தலையை முழுசாக வெளியே நீட்டி, "நில்லு!" என்று கத்தினாள். "டெல், அங்கயே நில்லு!"

கை காற்றில் அப்படியே நின்றது. கடல் ஒரு தடவை மோதி இழுத்தது. ஆரஞ்சுத் தொப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்லத் திரும்பி, குரல் வந்த திசையைத் தேடியது.